அன்னூரில் நின்றது! விழிஞ்ஞத்தில் நிற்கவில்லை!
ஒரே மாதத்தில் முடிந்த இரண்டு போராட்டங்கள்: சத்தி ரோட்டு மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

சத்தியமங்கலம்:

சத்தியமங்கலத்தில் கோவை பஸ் ஏறி, புளியம்பட்டி தாண்டினால் அன்னூர். அங்கே உள்ள விவசாயிகள், தங்கள் காடு, தோட்டங்களை தொழிற்பேட்டைக்கு கொடுக்க மாட்டோம் என்று 2022–ம் ஆண்டு போராடினார்கள்.

அதே ஆண்டு, அதே மாதங்களில், கேரளாவில் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞம் என்ற கடற்கரை ஊரில் மீனவர்கள் போராடினார்கள். அங்கே பிரச்சினை துறைமுகம்.

இரண்டு போராட்டமும் 2022 டிசம்பர் மாதத்தில் முடிவுக்கு வந்தன.

அன்னூரில் அரசு இறங்கி வந்தது. விழிஞ்ஞத்தில் திட்டம் கைவிடப்படவில்லை. இன்று அங்கே ராட்சத கப்பல்கள் வந்து போகின்றன.

ஏன் இந்த வித்தியாசம்? நாளைக்கு நம்ம ஊர் வாசலில் இப்படி ஒரு நோட்டீசு வந்து ஒட்டினால் என்ன செய்வது? இதை தெரிந்துகொள்ள இரண்டு ஊர் கதையையும் பார்த்துவிடுவோம்.

3,862 ஏக்கர்!

2022 அக்டோபர் மாதம். கோவை மாவட்டம் அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுகாக்களில் பெரிய தொழிற்பேட்டை அமைக்க தமிழக அரசு உத்தரவு போட்டது. டிட்கோ என்கிற தமிழ்நாடு தொழில் வளர்ச்சி கழகத்துக்கு இந்த பொறுப்பு.

எவ்வளவு நிலம் தெரியுமா? 3,862 ஏக்கர்.

குப்பனூர், வடக்கலூர், அக்கரை செங்கப்பள்ளி என்று பல ஊராட்சிகளின் நிலம் இதில் அடங்கியது. இதில் ஒரு தனியார் கம்பெனி ஏற்கனவே வாங்கி சும்மா போட்டிருந்த நிலம் 1,630 ஏக்கர். மீதியில் பெரும்பகுதி விவசாயிகளின் பட்டா நிலம்.

வாழை, தென்னை, காய்கறி, கறிவேப்பிலை என்று வெள்ளாமை நடக்கிற பூமி. செய்தி பரவியதும் ஊருக்கு ஊர் பரபரப்பு ஏற்பட்டது.

தண்ணி வரும்போது நிலம் போகுதா?

அன்னூர்க்காரர்களின் ஆத்திரத்துக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சத்தியில் இருக்கிற நமக்கு அது சட்டென்று புரியாது. நமக்கு பவானி ஆறு பக்கத்தில் ஓடுகிறது. பவானிசாகர் அணை இருக்கிறது. கீழ்பவானி வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்கால் ஒன்றில் மட்டும் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம்.

அன்னூருக்கு ஆறு இல்லை. ஆழ்குழாய் கிணறுதான் கதி. மழை தவறினால் அதுவும் வற்றிப்போகும்.

அதனால்தான் பவானி உபரி தண்ணீரை கொண்டுவரும் அத்திக்கடவு–அவினாசி திட்டத்தை 60 ஆண்டுக்கு மேலாக கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தாத்தா கேட்டார். அப்பா கேட்டார். பேரன் காலத்தில், 2019–ல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.

காளிங்கராயன் அணைக்கட்டுக்கு கீழே இருந்து ஆண்டுக்கு 1½ டி.எம்.சி. உபரி தண்ணீரை எடுத்து, 6 இடங்களில் பம்ப் வைத்து மேலே ஏற்றி, 3 மாவட்டங்களில் 1,045 குளம், குட்டைகளை நிரப்புவது திட்டம். அந்த 6 பம்பிங் ஸ்டேஷன்களில் ஒன்று அன்னூரில் இருக்கிறது.

2022–ல் அதற்கான குழாய் பதிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் தண்ணீர் குழாய் வருகிறது. இன்னொரு பக்கம் நிலம் எடுக்க உத்தரவு வருகிறது. 60 வருஷம் தவம் இருந்து தண்ணி வாங்கியது, கம்பெனிக்காரனுக்கா என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

நொய்யல் பட்ட பாடு

இன்னொரு பயமும் இருந்தது. இது கொங்கு நாட்டில் எல்லோருக்கும் உள்ள பயம்.

திருப்பூர் சாயப்பட்டறை கழிவு நொய்யல் ஆற்றை என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்காக கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத்தண்ணி தேங்கும் தொட்டி ஆகிவிட்டது. கடைசியில் 2011 ஜனவரி மாதம் சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

பெருந்துறை சிப்காட் அக்கம் பக்கத்திலும் கிணற்று தண்ணீர் கெட்டுவிட்டது என்று மக்கள் பல ஆண்டுகளாக மனு கொடுத்து வருகிறார்கள்.

மாசு இல்லாத தொழிற்சாலைதான் வரும் என்று அதிகாரிகள் சொன்னாலும், சூடு கண்ட பூனை நம்புமா? நம்பவில்லை.

அரசு இறங்கி வந்தது

விவசாயிகள் ‘நமது நிலம் நமதே’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். கிராமசபை கூட்டம், கடையடைப்பு, உண்ணாவிரதம், கலெக்டர் ஆபீசுக்கு மனு என்று நாளுக்கு நாள் போராட்டம் சூடு பிடித்தது.

அரசியல் கட்சிகளும் வந்தன. டிசம்பர் மாதம், அப்போது பா.ஜ.க. மாநில தலைவராக இருந்த அண்ணாமலை அன்னூருக்கு வந்து போராட்டத்தில் உட்கார்ந்தார்.

அதே டிசம்பர் மாதத்தின் நடுவில் அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. தனியார் கம்பெனி வசம் உள்ள 1,630 ஏக்கரில் மட்டும் தொழிற்பேட்டை வரும்; விவசாயிகள் தாங்களாக முன்வந்து கொடுத்தால் ஒழிய அவர்கள் நிலம் எடுக்கப்படாது என்பதுதான் அந்த அறிவிப்பு.

‘தாங்களாக முன்வந்து’ என்ற இரண்டு வார்த்தையும் விவசாயிகளுக்கு பிடிக்கவில்லை. அது ஒரு சந்து. அதன் வழியே புரோக்கர்கள் நுழைவார்கள் என்று சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் அக்டோபரில் 3,862 ஏக்கர் என்று ஆரம்பித்த அரசு, டிசம்பரில் 1,630 ஏக்கருக்கு இறங்கி வந்தது உண்மை.

அத்திக்கடவு–அவினாசி திட்டமும் 1,916 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2024 ஆகஸ்டு 17–ந் தேதி முதல்–அமைச்சர் மு.க.ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது.

கடலோர ஊரில் நடந்தது என்ன?

இப்போது விழிஞ்ஞத்துக்கு போவோம்.

கடற்கரையை ஒட்டியே 18 மீட்டருக்கு மேல் ஆழம். சர்வதேச கப்பல் பாதை அங்கிருந்து 10 கடல் மைல் தூரம்தான். துறைமுகம் கட்ட இதைவிட நல்ல இடம் இந்தியாவில் இல்லை என்றார்கள். கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போகும் சரக்கு எல்லாம் இங்கே வரும் என்றார்கள்.

2015 ஆகஸ்டு மாதம் கேரள அரசும் அதானி கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. டிசம்பரில் வேலை தொடங்கியது. கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு கல்லை கொட்டி தடுப்புச்சுவர் கட்ட ஆரம்பித்தார்கள்.

2017–ல் ஒக்கி புயல் வந்து, கட்டிய சுவரில் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் கட்டினார்கள்.

இதற்கிடையில் திருவனந்தபுரம் கடற்கரை நெடுக கடல் அரிப்பு. வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் வீடுகள் வரிசை வரிசையாக கடலுக்குள் போயின. வீடு இழந்த குடும்பங்கள் பழைய சிமெண்டு குடோனுக்குள் சேலையை திரையாக கட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் குடியிருந்த கொடுமையும் நடந்தது.

மணல் எங்கே போச்சு?

கடலில் சுவர் கட்டினால் வேறு ஊரில் வீடு ஏன் இடிய வேண்டும்? நம்ம ஊர் வாய்க்கால் கணக்கில் சொன்னால் புரியும்.

ஓடுகிற வாய்க்காலில் குறுக்கே ஒரு கட்டை போட்டால் என்ன ஆகும்? கட்டைக்கு மேல் பக்கம் மணல் சேரும். கீழ் பக்கம் கரை அரித்து சரியும்.

கடற்கரையிலும் இதே கதைதான். அலைகள் கரையை ஒட்டி மணலை ஓரிடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு தள்ளிக்கொண்டே போகின்றன. குறுக்கே சுவர் வந்தால் மணல் ஒரு பக்கம் குவிகிறது. மறுபக்கம் கடல் கரையை தின்கிறது.

இதற்கு சென்னையே சாட்சி. சென்னை துறைமுகம் கட்டிய பிறகு தெற்கே மெரினாவில் மணல் பரந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்தது.

விழிஞ்ஞத்திலும் இதுதான் நடக்கிறது என்றார்கள் மீனவர்கள். இல்லை, புயலும் பருவநிலை மாற்றமும்தான் காரணம் என்றார்கள் துறைமுக தரப்பினர்.

113 நாள் முற்றுகை

2022 ஆகஸ்டு 16–ந் தேதி மீனவர்கள் துறைமுக வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் முன்னின்று நடத்தியது. பெண்கள், குழந்தைகள், பாதிரியார்கள், கன்னியாஸ்திரிகள் என்று கூட்டம்.

மொத்தம் 7 கோரிக்கைகள். வீடு, வாடகை, நஷ்டஈடு எல்லாம் அதில் உண்டு. முக்கியமான கோரிக்கை: வேலையை நிறுத்து, கடல் அரிப்பை ஆராய்ச்சி செய், அப்புறம் பேசு.

மற்றவற்றை பேசலாம், வேலையை நிறுத்த மட்டும் முடியாது என்று கேரள அரசு கண்டிப்பாக சொல்லிவிட்டது. ஐகோர்ட்டும் துறைமுக வேலைக்கு போலீஸ் பாதுகாப்பு கொடுக்க உத்தரவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. துறைமுகம் வேண்டும் என்று அதே ஊரில் இன்னொரு கோஷ்டி எதிர் பந்தல் போட்டு உட்கார்ந்தது!

நவம்பர் 26–ந் தேதி கல் ஏற்றி வந்த லாரிகளை மறித்ததில் கைகலப்பு. மறுநாள் இரவு விழிஞ்ஞம் போலீஸ் நிலையம் தாக்கப்பட்டது. முப்பதுக்கு மேற்பட்ட போலீசார் காயம் அடைந்தனர். மூவாயிரம் பேர் மீது வழக்கு!

அதோடு போராட்டத்தின் பேச்சே மாறிவிட்டது. அதுவரை கடல் அரிப்பை பற்றி எழுதிய பத்திரிகைகள் கலவரத்தை பற்றி எழுதின. டிசம்பர் 6–ந் தேதி முதல்–மந்திரி பினராயி விஜயனுடன் பேச்சுவார்த்தை நடந்தது. 113–வது நாளில் முற்றுகை முடிந்தது.

வீடு இழந்தவர்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை பணம், மாற்று வீடு என்று வாக்குறுதிகள் கிடைத்தன. துறைமுக திட்டம் கைவிடப்படவில்லை.

2024 ஜூலையில் முதல் பெரிய கன்டெய்னர் கப்பல் வந்தது. 2025 மே 2–ந் தேதி பிரதமர் மோடி துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கடலுக்கு பட்டா உண்டா?

விழிஞ்ஞத்துக்காரர்கள் வீரத்தில் அன்னூர்க்காரர்களுக்கு குறைந்தவர்கள் இல்லை. கூட்டமும் அங்கேதான் அதிகம். பிறகு ஏன் இப்படி?

முதல் காரணம், பட்டா. அன்னூரில் ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கு நோட்டீசு கொடுக்காமல் ஒரு சென்ட் நிலம்கூட எடுக்க முடியாது.

கடலுக்கு யார் பட்டா கொடுத்தார்கள்? பாட்டன் காலத்தில் இருந்து வலை போட்ட இடமாக இருந்தாலும் காகிதத்தில் மீனவன் பெயர் இல்லை. இடத்தை எடுப்பவர்கள் அவனிடம் கையெழுத்து கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது காரணம், நேரம். அன்னூர் விவசாயிகள் உத்தரவு வந்த சில நாட்களில் எழுந்துவிட்டார்கள். ஒரு கல்கூட நடப்படவில்லை. அரசு பின்வாங்கினால் பெரிய நஷ்டம் இல்லை. விழிஞ்ஞத்தில் பெரிய முற்றுகை வந்தபோது வேலை தொடங்கி கிட்டத்தட்ட 7 வருஷம் ஓடிவிட்டது. கோடிக்கணக்கில் பணம் கடலுக்குள் இறங்கிவிட்டது. அதன் பிறகு எந்த அரசு நிறுத்தும்?

மூன்றாவது காரணம், வன்முறை. அன்னூரில் ஒரு பஸ் கண்ணாடி உடைந்திருந்தால்கூட கதை வேறு மாதிரி போயிருக்கும்.

காட்டுப்பள்ளி கதை

நம்ம தமிழ்நாட்டு கடற்கரையிலும் இப்படி ஒரு விவகாரம் உண்டு. சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கு பக்கத்தில் உள்ள காட்டுப்பள்ளி துறைமுகம்.

எல் அண்ட் டி கட்டிய இந்த துறைமுகத்தை 2018–ல் அதானி கம்பெனி வாங்கியது. பிறகு 330 ஏக்கரில் உள்ள துறைமுகத்தை 6,111 ஏக்கராக பெரிதாக்க 53 ஆயிரம் கோடி ரூபாயில் திட்டம் போட்டது. இதில் சுமார் 2 ஆயிரம் ஏக்கர், கடலை தூர்த்து எடுக்க வேண்டியது.

பழவேற்காடு மீனவர்கள் கொதித்துவிட்டார்கள். அங்கே ‘பாடு’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. இன்றைக்கு இந்த இடத்தில் யார் வலை போடுவது, நாளைக்கு யார் போடுவது என்று முறை வைத்து பிரித்துக்கொள்வார்கள். நம்ம வாய்க்காலில் முறைத்தண்ணி விடுவது போலத்தான். ஏரி முகத்துவாரம் கெட்டுப்போனால் இந்த முறையும் போச்சு, மீனும் போச்சு.

2021 ஜனவரி 22–ந் தேதி மக்கள் கருத்து கேட்பு கூட்டம் என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, கொரோனாவை காரணம் காட்டி கூட்டம் தள்ளிப்போனது. மறுபடி 2023 செப்டம்பர் 5–ந் தேதி என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது.

காட்டுப்பள்ளிக்காரர்கள் இங்கே அன்னூர் வழியை பிடித்தார்கள். கல்லை கொட்டுவதற்கு முன்பே, கூட்டம் நடப்பதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள்.

சட்டம் யார் பக்கம்?

ஏனுங்க, நிலம் எடுக்க 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேணும் என்று சட்டம் இருக்குதே என்று சிலர் கேட்கலாம்.

2013–ம் ஆண்டு மத்திய சட்டத்தில் அப்படி இருக்கிறது. தனியார் கம்பெனிக்காக அரசு எடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதம். அரசும் தனியாரும் கூட்டு என்றால் 70 சதவீதம்.

ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க 1997–ம் ஆண்டு சட்டம் தனியாக உண்டு. அதில் இந்த சம்மதம் கேட்கிற வேலை இல்லை. சென்னை ஐகோர்ட்டு 2019–ல் இது செல்லாது என்றது. அதே ஆண்டில் அரசு புது சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. அது செல்லும் என்று 2021–ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. நஷ்டஈட்டு தொகை மட்டும் 2013 சட்ட கணக்குப்படி.

ஆகவே சட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் படுத்துக்கொண்டால் விடிந்துவிடும்.

தெருவுக்கு வந்தால் எப்போதும் அன்னூர் போல முடியும் என்றும் நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட்டை எதிர்த்த 7 பேர் மீது குண்டர் சட்டமே பாய்ந்தது! திருடன், ரவுடிக்கு போடுகிற சட்டம் விவசாயிக்கா என்று தமிழ்நாடே கேட்ட பிறகு, முதலில் 6 பேர் மீது போட்டது ரத்து ஆனது.

கணக்கில் வராதவர்கள்

தொழிற்சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். சத்தி, கோபி பக்கத்து பையன்கள் எத்தனை பேர் திருப்பூருக்கும் கோவைக்கும் தினமும் பஸ் ஏறுகிறார்கள் என்பதை காலையில் பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

விவசாயிகளும் எப்போதும் ஒரே கட்சி இல்லை. கீழ்பவானி வாய்க்காலுக்கு சுமார் 710 கோடி ரூபாயில் கான்கிரீட் போடும் விவகாரத்தில் என்ன நடந்தது? போடு என்று ஒரு பக்கம், போடாதே என்று ஒரு பக்கம். இரண்டு பக்கமும் நம்ம விவசாயிகள்தான்.

அன்னூர் வெற்றியிலும் ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. பட்டா உள்ளவருக்குத்தான் பேச்சு. அந்த காட்டில் குத்தகைக்கு பண்ணையம் பார்ப்பவர், களை எடுக்க போகும் பெண், கம்பெனி போட்டு வைத்த தரிசு நிலத்தில் ஆடு மேய்ப்பவர்... இவர்கள் பெயர் எந்த காகிதத்திலும் இல்லை. அவர்களும் விழிஞ்ஞத்து மீனவர்களும் ஒரே ஜாதிதான்: காகிதம் இல்லாத ஜாதி.

நோட்டீசு வந்தால்...

கடைசியாக, ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்கள்:

பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? உடனே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் இல்லாவிட்டால் நோட்டீசு வராமல் போகலாம், நஷ்டஈடு வாங்குவதிலும் சிக்கல் வரலாம். வில்லங்க சான்றும் ஒன்று எடுத்து வையுங்கள்.

நிலம் எடுக்க நோட்டீசு வந்தால், ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். நோட்டீசில் சொன்ன கெடு தாண்டக்கூடாது. கொடுத்ததற்கு சீல் போட்ட நகல் வாங்காமல் திரும்பாதீர்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்காக கருத்து கேட்பு கூட்டம் நடத்த வேண்டிய திட்டமாக இருந்தால், 30 நாள் முன்பே பத்திரிகையில் விளம்பரம் வர வேண்டும். கலெக்டர் அல்லது அவருடைய பிரதிநிதியாக வரும் உயர் அதிகாரி தலைமை தாங்க வேண்டும். திட்ட அறிக்கை கலெக்டர் ஆபீசில் பார்வைக்கு இருக்க வேண்டும். கூட்டத்தில் நீங்கள் சொன்னதை எழுதி, தமிழில் படித்துக்காட்ட வேண்டும். பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே போய் பேசலாம். குத்தகைக்காரரும் கூலிக்காரரும்கூட வாய் திறக்க சட்டம் கொடுத்த இடம் இது. இதை கோட்டை விடாதீர்கள்.

‘சும்மா ஒரு கையெழுத்து’ என்று வீட்டுக்கு யாராவது காகிதம் நீட்டினால், படித்த பிள்ளையை கூப்பிட்டு முதல் வரியில் இருந்து கடைசி வரி வரை படிக்கச் சொல்லி கேளுங்கள். ‘தாங்களாக முன்வந்து’ என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்னூரில் மிச்சம் இருக்கிற சந்து அதுதான்!